அயல் சிப்பிகளைக் கண்காணிப்பது எப்படி? சிங்கப்பூர் நீர்க்கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

புதிய சிப்பி இனம் ஒன்று ஓரிடத்துக்கு வந்து இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. நம் கண்ணில் படும்போது கயிறு, மிதவை, கல், சேறு எல்லாவற்றையும் அது மூடி முடித்திருக்கும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கடற்கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற கறுப்புச் சிப்பி இப்படித்தான் வந்தது. 2016-இல் ஜொகூர் நீரிணையில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் மீன்பண்ணைகளின் வலைகளிலும் சேற்றுத்தரைகளிலும் கொத்துக் கொத்தாகப் படர்ந்துவிட்டது. அது வருவதற்கு முந்தைய மாதம் அதே இடத்தில் என்ன இருந்தது என்ற கணக்கு இருந்தால்தான், வந்தபின் எது குறைந்தது என்று சொல்ல முடியும். அந்தக் கணக்கை எடுக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். ஆர்வலர் குழு, பள்ளி அறிவியல் மன்றம், மீன்பண்ணைக்காரர் என யாரும் இதைச் செய்யலாம். பொருள்கள் மலிவானவை. கடினமானது ஒன்றுதான்: மாதம் தவறாமல், அதே இடத்தில், அதே முறையில் பார்ப்பது.

எதற்காக இவ்வளவு கவலை?

"சிப்பி" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகை வாழ்க்கை இருக்கிறது. முதல் வகை, பற்றுநூலால் கல்லையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டு வாழ்வது. சந்தையில் கூப்பாங் என்று விற்கும் பச்சைச் சிப்பி இந்த வகை. மற்றது ஆற்று மட்டி. மணலிலும் சேற்றிலும் முக்கால் உடல் புதைந்து, பின்முனையை மட்டும் வெளியே நீட்டி, நீரை உறிஞ்சி வடிகட்டி உண்ணும். மெதுவாக வளரும், பல ஆண்டுகள் வாழும். இதன் குஞ்சு தானாக நீந்திப் பரவுவதில்லை. ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில வாரம் வாழ்ந்த பிறகே தரையில் விழும். மீன் இல்லையென்றால் அடுத்த தலைமுறை மட்டியும் இல்லை.

முதல் வகை அயல் சிப்பிகள் ஆற்று மட்டியின் மேலேயே ஏறிக் குடியிருக்கும். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1988-இல் கண்டுபிடிக்கப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி இதற்குப் பெயர்போனது. மட்டியின் வெளியே நீட்டிய முனைதான் அதற்குக் கிடைக்கும் கெட்டியான தளம். ஒன்று ஒட்டினால் அதன் மேல் இன்னொன்று. ஈரி ஏரியில் ஒரே மட்டியின் மேல் 10,000-க்கும் அதிகமான வரிக்குதிரைச் சிப்பிகள் எண்ணப்பட்டிருக்கின்றன. மட்டியால் ஓட்டைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. வாய்க்கு வரும் உணவைச் சுற்றியிருப்பவை வடிகட்டிவிடும். பாரம் தாங்காமல் சாய்ந்தால் மீண்டும் புதையவும் முடியாது. செயின்ட் கிளேர் ஏரியிலும் மேற்கு ஈரி ஏரியிலும் உள்ளூர் மட்டிகள் சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய அற்றுப்போயின.

இரண்டாவது வகை ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சைனனோடோன்டா வுடியானா என்ற சீனக் குளத்து மட்டி, வளர்ப்பு மீன்களின் செவுளில் குஞ்சாக ஒட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போனது. இந்தோனீசியாவில் இதைக் கீஜிங் தைவான் என்பார்கள். தீபகற்ப மலேசியாவிலும் இது காலூன்றிவிட்டது. 20 செ.மீ.-க்கு மேல் வளரும். இதன் குஞ்சுகள் ஒட்டிய மீனின் உடல் எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்கிறது. பிறகு உள்ளூர் மட்டியின் குஞ்சு அதே மீனில் ஒட்டினால் அதையும் உதறிவிடுகிறது. மட்டி மேல் எதுவும் ஏறவில்லை, ஆற்றில் எதுவும் செத்து மிதக்கவில்லை, ஆனாலும் அடுத்த தலைமுறை பிறக்காமல் போகிறது. ஜொகூருக்கு அப்பால் மலேசிய ஆறுகளில் இன்னும் வாழும் சூடோடன், கான்ட்ரடென்ஸ், ரெக்டிடென்ஸ் போன்ற உள்ளூர் மட்டிகளை நினைத்தால் இதுதான் நமக்கு அதிகக் கவலை தருகிறது.

இங்கே எதை எதிர்பார்க்கலாம்?

வரிக்குதிரைச் சிப்பி என்ற பெயரைக் கேட்டதும் பலர் பயந்துவிடுவார்கள். அது குளிர்நாட்டுச் சிப்பி. நீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தாங்காது, சுண்ணாம்புச் சத்தும் நிறைய வேண்டும். நம் நீர் 28 முதல் 31 டிகிரி வரை இருப்பதால் அது இங்கே நிலைப்பது கடினம். ஆனாலும் 2021-இல் அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்ற அலங்காரப் பாசிப் பந்துகளுக்குள் உயிருடன் இந்தச் சிப்பி இருந்தது. மீன்தொட்டிச் செடியும் பாசியும் ஒரு வழி என்பதை அதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நன்னீரில் நாம் விழிப்பாக இருக்கவேண்டியது தங்கச் சிப்பி, அதாவது லிம்னோபெர்னா ஃபார்ச்சுனெய். தென்சீனாவைச் சேர்ந்தது. 1991-இல் அர்ஜென்டினாவின் லா பிளாட்டா முகத்துவாரத்தில் தென்பட்டு, அங்கிருந்து ஆற்றுக்கு எதிராகப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஏறியது. 2024-இல் கலிஃபோர்னியாவிலும் கண்டறியப்பட்டது. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்த நீரிலும் வாழும், வெப்பம் தாங்கும், சற்று உவர்நீரும் தாங்கும்.

உவர்நீரில் இரண்டு: மேலே சொன்ன மைட்டெல்லா, அதற்கும் முன்பே வந்துவிட்ட கரீபியன் போலிச் சிப்பி, மைட்டிலோப்சிஸ் சல்லேய். இரண்டும் முகத்துவாரம், கால்வாய் வாய், அணைக்கட்டின் கடல்பக்கம் போன்ற உப்பு ஏறி இறங்கும் இடங்களை விரும்புகின்றன. ஆற்றின் மேற்பகுதி மட்டிகளை இவை நேரடியாகத் தொடுவதில்லை. இவை தள்ளிவிடுவது பச்சைச் சிப்பியையும், சேற்றுத்தரையை நம்பி வாழும் மற்ற உயிர்களையும்.

படி 1: அனுமதி

இதைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கவே வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் எந்த உயிரையும் எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். நீர்த்தேக்கங்கள் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. அங்கே நீருக்குள் இறங்கக்கூடாது, எதையும் தொங்கவிடுவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும். மீன்பண்ணை என்றால் உரிமையாளரின் சம்மதம் போதுமா, வேறு அனுமதியும் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியை எந்த அரும்பொருளகமும் ஏற்காது, உங்கள் உழைப்பு வீணாகும். அனுமதி வரும்வரை புகைப்படம் எடுக்கலாம், எண்ணலாம். உயிர்களை எடுக்காதீர்கள், எதையும் தொங்கவிடாதீர்கள்.

படி 2: கண்ணைப் பழக்குவது

நீர்க்கரைக்குப் போவதற்கு முன் தேக்கா சந்தையில் அரைக் கிலோ பச்சைச் சிப்பி வாங்குங்கள். வீட்டில் கொதிநீரில் இட்டுத் திறந்து, சதையை எடுத்துவிட்டு ஓட்டைக் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். கூர்மையான மூக்கு கிளியின் அலகு போல் கீழே வளைந்திருக்கும். உள்பக்கம் வெளிர்நீலப் பளபளப்பு, ஓரத்தில் பச்சைக் கோடு. மூக்கை ஒட்டிய கீலில் ஒரு பக்கத்து ஓட்டில் ஒரு பல், மறுபக்கம் இரண்டு பல், அவை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். சதை ஒட்டியிருந்த தழும்புகளை விரலால் தடவிப் பாருங்கள். பின்முனையில் பெரிய தழும்பு உண்டு, முன்முனையில் இல்லை. இருபது சிப்பியை இப்படித் திறந்து பார்த்தவர் களத்தில் தடுமாறமாட்டார். (சந்தைச் சிப்பியை உயிருடன் எங்கும் விடாதீர்கள். ஓட்டையும் குப்பையில்தான் போடவேண்டும்.)

மைட்டெல்லாவைத் திறந்தால் உள்பக்கம் ஊதாச் சாயல் தெரியும், முன்முனையிலும் சிறிய தசைத் தழும்பு இருக்கும். வெளியே கறுப்பு அல்லது கரும்பழுப்பு. பெரும்பாலும் 5 செ.மீ.-க்குள் நின்றுவிடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மைட்டெல்லாவின் குட்டிகளில் பச்சைப் புள்ளியும் வரியும் உண்டு. பச்சைச் சிப்பி என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

போலிச் சிப்பி 2.5 செ.மீ. அளவில் நின்றுவிடும். அதை அடையாளம் காட்டுவது ஓட்டின் மூக்குக்குள் இருக்கும் சின்னத் தட்டு. உள்ளறையின் மூலையில் அலமாரிப் பலகை வைத்தது போலத் தெரியும், அதன் அடியில் பல் போன்ற ஒரு முனை இருக்கும். வரிக்குதிரைச் சிப்பியிலும் தட்டு உண்டு, ஆனால் அந்தப் பல் முனை இல்லை. தங்கச் சிப்பியில் தட்டே இல்லை. நன்னீரில் பற்றுநூலோடு ஒட்டிய சிப்பியைக் கண்டு, உள்ளே தட்டும் இல்லையென்றால் அன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: ஆசியப் பேரீச்சைச் சிப்பி, ஆர்க்குவாட்டுலா சென்ஹூசியா. இது நம் பகுதிக்கே உரியது. 3 செ.மீ.-க்குள், மெல்லிய ஓடு, ஆலிவ் பச்சையில் செம்பழுப்பு நெளிகோடுகள். சேற்றில் பற்றுநூலால் கூடு பின்னி உள்ளே இருக்கும். இதை அயலினம் என்று பிடுங்கி எறிந்துவிடக்கூடாது.

படி 3: ஒட்டுத்தட்டு

வருவதை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். வேறெதற்கும் நேரம் இல்லையென்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

தேவையானவை: 15 x 15 செ.மீ. சாம்பல்நிற பிவிசி தகடு, 5 மி.மீ. தடிமன். ஓர் இடத்துக்கு 4 தகடு. 80 எண் உப்புத்தாளால் இரு பக்கமும் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பான தகட்டில் குஞ்சு ஒட்டத் தயங்கும், மூன்று மாதம் எதுவும் வரவில்லை என்று ஏமாந்துபோவீர்கள். நடுவில் துளையிட்டு 8 மி.மீ. நைலான் கயிற்றில் கோத்து, தகட்டுக்கு மேலும் கீழும் முடிச்சுப் போடுங்கள். கயிற்றின் அடியில் ஒரு செங்கல். தகட்டை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தினால் பிளாஸ்டிக் வாடை போய்விடும்.

தொங்கவிடும் ஆழம் நீர்மட்டத்துக்குக் கீழே 1 மீட்டர். மிதவைப் படகுத்துறை, மீன்பண்ணை மிதவை ஆகியவையே சிறந்த இடம், நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். நிலையான தூணில் கட்டினால் அலைவற்றில் தகடு வெளியே தெரியும். நம் கடலில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 3 மீட்டர். நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் காய்ந்த தகட்டில் குஞ்சுகள் வெந்துபோகும், நீங்கள் பூச்சியம் என்று எழுதுவீர்கள். அது பொய்ப் பூச்சியம்.

நான்கு தகட்டில் இரண்டை மாதந்தோறும் மாற்றுங்கள். மற்ற இரண்டை ஆறு மாதம் அப்படியே விடுங்கள். மாதத் தகடு இந்த மாதம் யார் வந்தார் என்று சொல்லும். ஆறு மாதத் தகடு யார் யாரைத் தள்ளினார் என்று சொல்லும்.

எடுக்கும்போது தகட்டை நீருக்குள்ளேயே வெள்ளைத் தட்டு ஒன்றில் வைத்துத் தூக்குங்கள், இல்லையென்றால் மேலே வரும்போது பாதி உதிர்ந்துவிடும். இருபக்கமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பிறகு கையுறை இல்லாத ஒரு விரலால் மெதுவாகத் தடவுங்கள். வெறும் பாசி வழுக்கும். குஞ்சுகள் ஒட்டியிருந்தால் எண்ணெய் ஒட்டிய தட்டில் ரவை சிந்தியது போல நெருநெருக்கும். கண்ணால் பார்க்க முடியாத அளவிலேயே விரல் கண்டுபிடித்துவிடும். தடவியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் தடவவே வேண்டாம். உவர்நீரில் விப்ரியோ கிருமி உண்டு, சிறிய கீறல் வழியாகப் பெரிய தொற்று ஏற்படுத்தும். ஓடுகளைச் சுரண்டும்போதும் தடிமனான கையுறை கட்டாயம்.

தகட்டின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். வெயில் படாத, சேறு படியாத அந்தப் பக்கத்தில்தான் பல நேரம் சிப்பி அதிகம். மேல்பக்கத்தை மட்டும் எண்ணியவர்கள் பாதிக்கும் குறைவான கணக்கையே எழுதியிருப்பார்கள்.

படி 4: அலைவற்றில் சட்டம் வைத்து எண்ணுவது

சேற்றுத்தரை, கற்கரை, அணைச்சுவர் இவற்றுக்குச் சட்டமுறை. 25 x 25 செ.மீ. சதுரச் சட்டம் பிவிசி குழாயில் செய்துகொள்ளலாம். அலையட்டவணையில் நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே போகும் நாளைத் தேர்ந்தெடுத்து, மிகக் குறைந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே களத்தில் இருங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் வேலையை நிறுத்திவிட வேண்டும். இடி கேட்டால் உடனே கரை ஏறுங்கள், திறந்த சேற்றில் உயரமானது நீங்கள் மட்டும்தான். தனியாகப் போகவே கூடாது. சுங்கை பூலோ சுற்றுவட்டாரத்தில் முதலை உண்டு.

30 மீட்டர் நாடாவை நீரோரத்துக்கு இணையாக விரியுங்கள். வீட்டிலேயே கைப்பேசியில் 0 முதல் 30 வரை பத்துத் தற்செயல் எண்களை எடுத்து எழுதி வந்திருக்கவேண்டும். அந்த எண் விழும் இடத்தில் சட்டத்தை வையுங்கள். களத்தில் நின்று இடம் தேர்ந்தெடுத்தால் கை தானாகக் கொத்து அதிகமுள்ள பக்கம் போகும். அனுபவம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். அந்தக் கணக்கு பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையாக இருக்காது.

சட்டத்துக்குள் உயிருள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள். ஓடு மூடியிருந்தால், விரலால் இரு ஓட்டையும் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். உயிருள்ளது அசையாது. சேறு நிறைந்த வெற்று ஓடு எளிதில் வழுக்கும். வெற்று ஓடுகளைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், அவையும் ஒரு செய்திதான். கொத்து மிக அடர்த்தியாக இருந்தால் சட்டத்தின் மூலையில் 10 x 10 செ.மீ. பகுதியை அடிவரை எடுத்து, ஒவ்வொரு அடுக்காகப் பிரித்து எண்ணுங்கள். மேலே தெரிபவற்றை மட்டும் எண்ணுவது, பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணிப் பயணிகள் இவ்வளவு பேர் என்று சொல்வதற்குச் சமம்.

கணக்கு எளிது. ஒரு சட்டம் 0.0625 சதுர மீட்டர், பத்துச் சட்டம் 0.625. மொத்தம் 75 சிப்பி என்றால் 75-ஐ 0.625-ஆல் வகுத்து, சதுர மீட்டருக்கு 120. சராசரியோடு பத்துச் சட்டங்களின் தனித்தனி எண்ணிக்கையையும் வைத்திருங்கள். எல்லாச் சட்டத்திலும் ஏழெட்டு இருப்பதும், ஒன்பதில் எதுவுமின்றி ஒன்றில் 75 இருப்பதும் வேறு வேறு நிலைமை. பின்னது புதிதாக விழுந்த கொத்தாக இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் குறைந்தது 50 சிப்பியின் நீளத்தை வெர்னியர் அளவியால் 1 மி.மீ. துல்லியத்தில் அளந்து எழுதுங்கள். கையில் அகப்பட்ட பெரியவற்றை அளக்காமல், எடுத்த கொத்து முழுவதையும் வரிசையாக அளக்கவேண்டும். 10 மி.மீ.-க்குக் குறைந்தவை திடீரென நிறைய வந்தால் அண்மையில் குஞ்சு விழுந்திருக்கிறது என்று பொருள்.

கூடவே உப்பளவு. உப்பளவைக் காட்டும் ஒளிவிலகல்மானியை ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியத்துக்குச் சரிசெய்த பிறகு பயன்படுத்துங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் நீரிணையின் உப்பு சட்டென இறங்கும். அப்போது பச்சைச் சிப்பி செத்தால் பழியை உடனே மைட்டெல்லா மேல் போட்டுவிடக்கூடாது. உப்பளவு எழுதியிருந்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் நீரிணையை இரண்டாகத் தடுப்பதால் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் தனித்தனி நீர்நிலை போன்றவை. கிராஞ்சியில் எடுத்த கணக்கை உபின் தீவுக்குப் பொருத்தவேண்டாம்.

படி 5: குஞ்சை நீரிலேயே பிடிப்பது

நுண்ணோக்கி உள்ள பள்ளிக்கோ குழுவுக்கோ மட்டும் இது. 64 மைக்ரான் கண்ணுள்ள, 30 செ.மீ. வாய் விட்டமுள்ள நுண்ணுயிர் வலையை 5 மீட்டர் ஆழத்திலிருந்து நேராக மேலே இழுங்கள், விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில். வேகமாக இழுத்தால் நீர் வலைக்குள் போகாமல் வழிந்துவிடும். ஒரு இழுப்பில் ஏறக்குறைய 350 லிட்டர் வடிகட்டப்படும். மூன்று இழுப்புகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கன மீட்டருக்குச் சற்று அதிகம். ஐந்து மீட்டர் ஆழமில்லாத இடத்தில் எத்தனை மீட்டர் இழுத்தீர்களோ அதை எழுதிக் கணக்கைத் திருத்துங்கள். வலையின் வெளிப்பக்கத்திலிருந்து நீர் ஊற்றிக் கழுவி அடிக்குப்பியில் சேருங்கள், உள்பக்கம் ஊற்றினால் வேறு நீர் கலந்துவிடும்.

மாதிரி ஒரு பங்கு, 95 விழுக்காடு எத்தனால் மூன்று பங்கு. சிட்டிகை சமையல் சோடா சேருங்கள், இல்லையென்றால் நாளடைவில் அமிலம் ஏறிச் சின்ன ஓடுகள் கரைந்துபோகும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். வெளியே பேனாவில் எழுதியதை எத்தனால் ஒரே துளியில் அழித்துவிடும். அப்புறம் அது எந்த ஊர் நீர் என்று யாருக்கும் தெரியாது.

நுண்ணோக்கியில் இரண்டு துருவமுனைப்புத் தாள்களைக் குறுக்காக வைத்துப் பார்த்தால், இருட்டில் சிப்பிக் குஞ்சின் ஓடு நடுவில் சிலுவை வடிவ நிழலோடு ஒளிரும். ஆஸ்ட்ரகோடு என்ற சிற்றுயிரும் இதே போல ஒளிரும். ஆனால் அதற்குக் கால்கள் உண்டு. குஞ்சை வைத்து எந்த இனம் என்று சொல்லிவிடாதீர்கள். "இரட்டையோட்டுக் குஞ்சு" என்று மட்டும் எழுதி, மரபணு சோதனைக்குத் தனி மாதிரி வையுங்கள்.

படி 6: உள்ளூர் மட்டிகளைத் தொந்தரவு செய்யாமல் எண்ணுவது

சிங்கப்பூரின் பெரிய ஆறுகள் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களாகவும் கால்வாய்களாகவும் மாறிவிட்டன, இறங்கித் தேடும் வாய்ப்பு இங்கே குறைவு. அனுமதி கிடைத்த ஓடைகளில், அல்லது எல்லைக்கு அப்பால் அங்குள்ள அனுமதியோடு இயங்கும் குழுவோடு சேரும்போது, இந்த முறை உதவும்.

நேரக்கணக்குத் தேடல் என்போம். மூன்று பேர், ஆளுக்கு 20 நிமிடம். மொத்தம் ஒரு ஆள்-மணி. கரையோரமாக ஆற்றுக்கு எதிர்த்திசையில் நகருங்கள், கலங்கிய சேறு பின்னால் போகும். கையுறையோடு விரல்களை 5 செ.மீ. ஆழம் வரை மட்டும் மணலில் ஓட்டுங்கள். மட்டி அகப்பட்டதும் எந்த முனை மேலே இருந்தது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் அளந்து, படமெடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் அதே இடத்தில், அதே முனை மேலாக நட்டு வையுங்கள். தலைகீழாக நட்டால் மட்டிக்கு மூச்சும் உணவும் போகாது. புரட்டிக்கொள்ளச் சக்தி இல்லாமல் செத்துவிடும். நிழலும் ஈரமும் இல்லாமல் கரையில் குவித்து வைக்கவே கூடாது.

சீனக் குளத்து மட்டியை எப்படிப் பிரிப்பது? பெரியது, பருத்தது, வட்டமும் உயரமுமான உருவம், ஓடு தன் அளவுக்கு மெல்லியது, மூக்குப் பகுதியில் தெளிவான மடிப்புக்கோடுகள், கீலில் பல் இல்லை. பல் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தால் உள்ளூர் பில்ஸ்பிரையோகான்காவும் மாட்டிக்கொள்ளும், அதற்கும் பல் கிடையாது. ஆனால் அது நீண்டு, தட்டையாக, கத்தி உறை போல இருக்கும். சூடோடனுக்குக் கீலில் குமிழ் போன்ற ஒரு பல் உண்டு. உயிருள்ள மட்டியைப் பல் பார்க்க நெம்பித் திறக்காதீர்கள், தசை கிழிந்து சாகும். கரையில் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பொறுக்கி அவற்றில் பல் பாருங்கள். பல நேரம் ஓர் ஓடையின் முழுக் கதையையும் வெற்று ஓடே சொல்லிவிடும். பெரிய ஓடுகள் மட்டுமே கிடைத்து, சின்ன மட்டி ஒன்றுகூட அகப்படவில்லையென்றால், அங்கே பிறப்பு நின்றுபோயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

மட்டியின் வெளியே நீட்டிய முனையில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்து எழுதுங்கள். பற்றுநூலின் அறுந்த இழைகளும் கணக்கில் சேரும்.

படி 7: நாமே சுமந்து போகாமல் இருப்பது

சிப்பியைத் தேடிப் போகிறவரே அதை அடுத்த நீர்நிலைக்குக் கொண்டுபோய்விடக்கூடாது. ஒரே நாளில் உவர்நீரிலிருந்து நன்னீருக்கும், ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து மற்றொன்றுக்கும் போவதைத் தவிருங்கள். போகவேண்டியிருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கயிறு, தனி வலை, தனிக் காலணி.

திரும்பும் முன் களத்திலேயே சேறு, பாசி எல்லாவற்றையும் தேய்த்து அகற்றி, வாளிகளில் தேங்கிய நீரை அங்கேயே கொட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் 60 டிகிரி சுடுநீரை ஒவ்வொரு பரப்பிலும் குறைந்தது 10 விநாடி படும்படி ஊற்றுங்கள். ஊற்றும் நீர் வழியிலேயே ஆறிவிடும், அதனால் கெட்டிலில் 60-க்கு மேல் இருக்கவேண்டும். வலையை வெள்ளை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இழைகளில் ஒட்டிய குஞ்சு ஓடுகள் கரைந்துவிடும், அடுத்த மாதிரியில் பழைய குஞ்சு வந்து ஏமாற்றாது. மரபணு மாதிரி எடுக்கும் பொருள்களுக்கு 10 விழுக்காடு குளோரின் (பிளீச்) கரைசல். வினிகரையும் குளோரினையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். ஒன்றைப் பயன்படுத்தியபின் நன்றாக அலசிவிட்டு, வேறு நாளில் மற்றது.

"ஐந்து நாள் காயவை" என்று வெளிநாட்டு அறிவுரைகளில் படித்திருப்பீர்கள். அது வறண்ட காற்றுள்ள ஊர்களுக்கு எழுதியது. நம் ஊரில் வீட்டுக்குள் தொங்கவிட்ட கயிற்றின் உட்புரி ஒரு வாரம் ஆனாலும் ஈரமாகவே இருக்கும். சிப்பியோ ஓட்டை மூடிக்கொண்டு பல நாள் தாங்கும். அதனால் இங்கே காயவைப்பதை மட்டும் நம்பவேண்டாம், சுடுநீர் கட்டாயம்.

சந்தையில் வாங்கிய சிப்பியையோ மட்டியையோ தூண்டிலுக்கு வைத்துவிட்டு மிச்சத்தை நீரில் கொட்டுவது, மீன்தொட்டியைக் கால்வாயில் காலி செய்வது, விசாக தினத்தில் புண்ணியம் என்று மீன் விடுவது ஆகியவற்றால் அயலினங்கள் நீர்நிலைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அனுமதியின்றி உயிர்களை விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர்கள் விசாக தினத்தை ஒட்டி நீர்த்தேக்கக் கரைகளில் நின்று, விட வருபவர்களிடம் அன்பாக எடுத்துச் சொல்வார்கள். அவர்களோடு நிற்க முடிந்தால் நில்லுங்கள். பக்தியோடு வருகிறவரிடம் கடிந்து பேசாமல், அந்த மீன் ஓரிரு நாளில் சாகலாம், பிழைத்தால் மற்றதைச் சாகடிக்கலாம் என்று சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள்.

படி 8: எழுதுவதும் சொல்வதும்

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தாள்: நாள், நேரம், ஜிபிஎஸ் இடம், அலை உயரம், வெப்பம், உப்பளவு, யார் எண்ணியது, எத்தனை சட்டம், எத்தனை நிமிடம், உயிருள்ளவை, வெற்று ஓடுகள். எதுவும் இல்லாத நாளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். காலிக் கட்டம் என்றால் பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. புதிய உறுப்பினர் வந்தால் முதல் மூன்று முறை பழையவரும் புதியவரும் அதே சட்டத்தைத் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் மீண்டும் பயிற்சி.

சந்தேகமானது கிடைத்தால் ஐந்து படங்கள்: வெளிப்பக்கம், உள்பக்கம், மூக்கின் உள்மூலை, மேலிருந்து கீல், ஒட்டியிருந்த இடம். எல்லாவற்றிலும் அளவுகோல். அனுமதி இருந்தால் மூன்று அல்லது நான்கு உயிரிகளை 95 விழுக்காடு எத்தனாலில் இட்டுப் பெயர்ச்சீட்டோடு லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். நீர்த்தேக்கம் என்றால் அதே நாளில் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும், பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவு இணையத்தளத்தில் படம் ஏற்றுவது நல்லது, ஆனால் அது அதிகாரிகளுக்குச் சொன்னதற்கு ஈடாகாது.

கண்டவுடன் ஆர்வத்தில் முழுக் கொத்தையும் சுரண்டி எறியாதீர்கள். நீரில் உதிர்ந்தவை வேறிடத்தில் மீண்டும் பற்றுநூல் விட்டு ஒட்டிக்கொள்ளும், அதிர்ச்சியில் முட்டையும் விந்தும் வெளியேற்றுவதும் உண்டு. கொத்து எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று அளந்து, நாலு மூலைக்கும் ஜிபிஎஸ் எடுத்து, சுற்றிலும் 50 மீட்டருக்கு வேறு கொத்து இருக்கிறதா என்று தேடி எழுதிவிட்டு, அகற்றுவதா வேண்டாமா என்ற முடிவை அந்த நீர்நிலைக்குப் பொறுப்பானவர்களிடம் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் அதே அலைவற்றில், அதே நாடாவோடு, அதே இடத்துக்குப் போய் மீண்டும் எண்ணுங்கள்.